புதுப்பிப்பு: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கட்சிச் சண்டை

குடும்பக் குழுவில் அரசியலுக்குத் தடை போடுவதைவிட, அதற்கென்று தனிக் குழு தொடங்குங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அதன் பிறகும் சித்தப்பா பழைய குழுவிலேயே போடுகிறார் என்றால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள்.

அட்மின் உடனே அழிக்க வேண்டாம். அட்மின் அழித்தார் என்ற வரி எல்லோர் கண்ணிலும் படும், பெரியவருக்கு அது தலைக்குனிவு. தனியாகப் போன் செய்து, "சித்தப்பா, அதை அந்தக் குரூப்ல போட்டுடுங்களேன்" என்று சொல்லுங்கள். அனுப்பி இரண்டு நாள் வரை அவரே எல்லோருக்கும் அழித்துவிடலாம்.

இரட்டை அம்புக்குறியோடு வருவது குறைந்தது 5 கை மாறி வந்த செய்தி. வரிக்கு வரி மறுக்காதீர்கள். "இது எந்த வருஷத்து வீடியோ?" என்று மட்டும் கேளுங்கள். பழைய வெள்ளக் காட்சி புதிதாகச் சுற்றுவது அடிக்கடி நடப்பதுதான்.

நேரில் பேசும்போது தலைவர் பெயரை விட்டுவிட்டுத் திட்டத்தைப் பேசுங்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதை எதிர்ப்பவரிடம், "போக்குவரத்துக் கழகத்துக்கு நஷ்டம் ஏறும்னுதானே சொல்றீங்க?" என்று முதலில் கேளுங்கள். அவர் "ஆமா" என்ற பிறகுதான் உங்கள் பதில். அந்த "ஆமா" வருவதற்குள் "ஆனா" என்று ஆரம்பிப்பதால்தான் பெரும்பாலும் குரல் உயர்கிறது. அவர் சொல்வதில் ஒத்துக்கொள்ளக்கூடியது இருந்தால் மனதார ஒத்துக்கொள்ளுங்கள்.

வாக்கு எண்ணும் நாளில் குழுவை 8 மணி நேரம் மியூட் செய்தால் போதும், வெளியேற வேண்டியதில்லை.