லேப்பிங் ஃபிலிமில் சவரக்கத்தி: நுனிப் பக்கம் மட்டும் கூர் ஏறவில்லை

மடக்குக்கத்தி
வணக்கம். பழைய மடக்குச் சவரக்கத்தி ஒன்றை லேப்பிங் ஃபிலிமில் (நுண்ணிய தேய்ப்புத் துகள் பூசிய பிளாஸ்டிக் தாள்) தீட்டிக்கொண்டிருக்கிறேன். 10 மி.மீ. கண்ணாடிப் பலகை, மேலே தண்ணீர் தெளித்து 12, 5, 3, 1 மைக்ரான் என்று துகள் அளவு குறையும் வரிசையில் ஃபிலிம். கத்தியின் நடுப்பகுதி கை முடியைத் தொட்டதும் வெட்டுகிறது, ஆனால் நுனியிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் கூர் இல்லை, 1 மைக்ரானில் எவ்வளவு நேரம் தேய்த்தாலும் அப்படியேதான் இருக்கிறது. அந்த 1 மைக்ரான் ஃபிலிம் வேறு அடிக்கடி கிழிகிறது. பின்புறம் பசை உள்ளதை வாங்கவா, இல்லை கல்லுக்கே போய்விடவா?

சாணைப்பொறி
கல் வேண்டாம், 12க்குத் திரும்புங்கள். நுனியில் வாயை (வெட்டும் ஓரத்தை) உண்டாக்கும் இரண்டு பக்கச் சரிவும் இன்னும் ஒன்றையொன்று தொடவில்லை, சிக்கல் அங்கேதான். 1 மைக்ரான் மெருகேற்றும், சரிவை உண்டாக்க அதற்குத் தெம்பு கிடையாது.

அழியாத மார்க்கரால் வாயின் இரு பக்கமும் கோடு போட்டு, 12இல் அழுத்தாமல் இரண்டே இழுப்பு இழுத்து, உருப்பெருக்கியில் பாருங்கள். நுனிக்கிட்ட வாயின் ஓரத்தில் மை ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடம் ஃபிலிமைத் தொடவே இல்லை என்று அர்த்தம். இன்னொன்று, முதுகில் டேப் ஒட்டியிருக்கிறீர்களா? 12இல் டேப்போடு தொடங்கினால் 1 வரைக்கும் டேப் இருக்க வேண்டும். நடுவில் கழற்றினால் முதுகு தாழ்ந்து கோணம் குறைந்து, சரிவின் மேல்பக்கம்தான் தேயும், வாய் தொடாது.

ஈரக்கண்ணாடி
கிழிவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பசை இல்லாததால் அது கிழியவில்லை, அடியில் ஏதோ சிக்கியிருக்கிறது. ஃபிலிம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லாத பிளாஸ்டிக் தாள், கண்ணாடியில் என்ன இருக்கிறதோ அதுதான் மேலேயும் தெரியும். 12இலிருந்து கழன்ற ஒரு துகளோ, துணி நூலோ, காற்றுக் குமிழோ இருந்தால் அங்கே மேடு, நாம் வாயை முன்னே வைத்துத் தள்ளுவதால் கத்தி நேராக அந்த மேட்டில் போய்க் குத்தும். ஃபிலிம் போனால் போகட்டும், அதுவரை ஏற்றிய கூரும் சேர்ந்து போகிறது, அதுதான் எனக்குத் தாங்காது.

ஒவ்வொரு ஃபிலிம் மாற்றும்போதும் கண்ணாடியையும் கத்தியையும் கழுவுங்கள். கண்ணாடியைத் துணியால் துடைக்காமல் ஈர உள்ளங்கையால் தடவினால் கண்ணுக்குத் தெரியாத துகளும் கையில் நெருடும். ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீர் விட்டு, ஃபிலிமை ஒரு முனையிலிருந்து மெதுவாகப் படுக்கவைத்து, ரப்பர் வைப்பரால் நடுவிலிருந்து வெளிப்பக்கம் தண்ணீரைத் தள்ளுங்கள். அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் மேடு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். பசை ஃபிலிமில் குமிழ் மாட்டினால் எடுப்பது பெரும்பாடு, வாங்காதீர்கள்.

தோல்பட்டை
1 மைக்ரானுக்கு அடியில் ஓர் ஈரத்தாள் வைத்தால் முகத்தில் இன்னும் மென்மையாக ஓடும். எனக்கு அது இல்லாமல் தீட்டவே பிடிக்காது.

சாணைப்பொறி
சரி, ஆனால் இவருக்கு இப்போது வேண்டாம். தாள் கொஞ்சம் அமுங்கும், நுனி தொடாத குறையை அது மறைத்துவிடும்.

மடக்குக்கத்தி
டேப் இல்லை. மார்க்கர் போட்டுப் பார்த்தேன், நுனியில் ஒரு பக்கம் மை அப்படியே நிற்கிறது. கத்தியை மேசைமேல் வைத்துப் பார்த்தால் வாய் நேர்கோடாக இல்லை, இரு முனையும் லேசாக மேலே வளைகிறது.

சாணைப்பொறி
அப்படியானால் நேராகத் தள்ளினால் நுனி ஒருநாளும் படாது. வாயின் கைப்பிடிப் பக்க முனையிலிருந்து தொடங்கிக் குறுக்காக இழுத்துக்கொண்டே, நுனி நெருங்கும்போது கைப்பிடியை ஒரு இழை தூக்குங்கள், ஃபிலிம்மேல் இருக்கும் தண்ணீர்க் கோடு வாயின் முன்னால் நடுவிலிருந்து நுனிவரை தொடர்ந்து நகர வேண்டும். முதுகு ஃபிலிமை விட்டு எழவே கூடாது. 12இல் மை முழுக்கப் போகும்வரை அடுத்த ஃபிலிமைத் தொடாதீர்கள்.