கீபோர்டு எந்த மொழியில் இருக்கிறது என்று செயலிக்குள் தெரிந்துகொள்வது எப்படி?

பால்சங்கச் செல்வி:
வணக்கம். எங்கள் ஊர்ப் பால் சங்கத்துக்கு ஃப்ளட்டரில் (ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் செயலி எழுதும் கருவி) ஒரு செயலி எழுதுகிறேன். செயலர் அறிவிப்பை எழுதி அனுப்பினால் அவர் சிம்மிலிருந்தே உறுப்பினர்களுக்கு எஸ்எம்எஸ் போகும். பலரிடம் பட்டன் போன்தான், அதனால் வாட்ஸ்அப் உதவாது. ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70. கீபோர்டு தமிழில் இருந்தால் கணக்கை 70-க்கு மாற்ற வேண்டும். போனின் மொழியைக் கேட்டால் எப்போதும் ஆங்கிலம் என்றே வருகிறது. கீபோர்டின் மொழியை எப்படிக் கேட்பது?

நிரல்_மதுரை:
ஃப்ளட்டரில் நேரடி வழி இல்லை, பிளாட்ஃபார்ம் சேனல் (போனின் சொந்த நிரலோடு பேசும் பாலம்) எழுத வேண்டும். ஆண்ட்ராய்டில் இன்புட்மெத்தட்மேனேஜரிடம் இப்போதைய சப்டைப்பை (கீபோர்டில் தேர்ந்திருக்கும் வகை) கேட்டால் லாங்குவேஜ் டேக், அதாவது மொழிக் குறியீடு, கிடைக்கும் (ஆண்ட்ராய்டு 7 முதல்). ஐபோனில் டெக்ஸ்ட்இன்புட்மோடின் பிரைமரிலாங்குவேஜ்.

பழைய தந்திக்காரர்:
செல்வி, உங்கள் வேலைக்குக் கீபோர்டின் மொழியே தேவையில்லை. பெட்டியில் விழுந்த எழுத்தைப் பாருங்கள். ஆங்கிலக் கீபோர்டைத் திறந்து வைத்துக்கொண்டே வாட்ஸ்அப்பிலிருந்து தமிழ் வாசகத்தை ஒட்டலாம். தமிழ்க் கீபோர்டிலேயே எண்களை மட்டும் தட்டலாம். இரண்டிலும் கீபோர்டு சொல்லும் பதில் தப்பாகத்தான் போகும்.

தமிழ் எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாலும் போதாது. 160 கணக்குக்கு உரிய பழைய 7 பிட் ஜிஎஸ்எம் எழுத்துப் பட்டியலில் இல்லாத ஒரே ஒரு குறி வந்தாலும் செய்தி முழுக்க 70-க்கு இறங்கிவிடும். உங்களுக்கு முக்கியமானது ரூபாய்க் குறி, அது அந்தப் பட்டியலில் இல்லை. பால் விலையை ஆங்கிலத்தில் எழுதி அந்தக் குறியைப் போட்டாலே 70தான். ஐபோன் தானாகப் போடும் வளைந்த மேற்கோள்குறியும் அப்படியே. செய்தி நீண்டு பல துண்டானால் ஒரு துண்டுக்கு 160-க்குப் பதில் 153, 70-க்குப் பதில் 67தான்.

அப்புறம், எண்ணும் முறை. 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு 3 எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஃப்ளட்டரின் நிரல்மொழியான டார்ட்டின் லெங்த் 5 என்றே தரும், அதுதான் இங்கே சரி. கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணும் கேரக்டர்ஸ் பேக்கேஜ் 3 என்று சொல்லும். அதை நம்பினால் செயலர் ஒரு எஸ்எம்எஸ் என்று நினைப்பது இரண்டாகப் போகும், காசும் இரட்டிப்பு. ஆண்ட்ராய்டில் எஸ்எம்எஸ்மெசேஜின் கால்குலேட்லெங்த் இதையெல்லாம் பார்த்து எத்தனை துண்டு, மீதி எவ்வளவு என்று தந்துவிடும். சேனல் எழுதுவதானால் அதற்கே எழுதுங்கள்.

பால்சங்கச் செல்வி:
ரொம்ப நன்றி ஐயா. ரூபாய்க் குறி எங்கள் எல்லா அறிவிப்பிலும் வரும்! ஒரு சந்தேகம். பெட்டி காலியாக இருக்கும்போது 160 காட்டி, முதல் எழுத்திலேயே 70 ஆனால் செயலர் பதறமாட்டாரா?

பழைய தந்திக்காரர்:
காலியாக இருந்தால் எண்ணே வேண்டாம். எழுத ஆரம்பித்ததும் 'இது 1 எஸ்எம்எஸ்', 'இது 2 எஸ்எம்எஸ்' என்று காட்டுங்கள். செயலருக்கு வேண்டியது செலவுக் கணக்குதான்.

நிரல்_மதுரை சொன்னதைப் பெட்டிக்குள் தெரியும் குறிப்பு தமிழிலா ஆங்கிலத்திலா என்று முடிவு செய்ய வைத்துக்கொள்ளலாம், அங்கே தவறினாலும் நஷ்டமில்லை. ஆனால் ஆண்ட்ராய்டில் சில கீபோர்டுகள் மொழியை உள்ளுக்குள்ளேயே மாற்றிக்கொண்டு சிஸ்டத்துக்குச் சொல்வதில்லை, டேக் காலியாக வரும். ஐபோனில் இமோஜிக்குப் போனால் மொழிக்குப் பதில் 'இமோஜி' என்றே வரும். இரண்டு இடத்திலும் முன்பு காட்டியதையே விட்டுவையுங்கள்.