வேடியப்பன் கல், நடுகல்: உங்கள் ஊரில் என்ன நடந்தது?

அரூர் மேற்கு:
எங்கள் கொல்லையில் இருக்கும் வேடியப்பன் கல்லை, அதாவது செத்த வீரனுக்கு நட்டு இன்று சாமியாகக் கும்பிடும் நடுகல்லைப் பற்றி ஒரு நாளிதழில் செய்தி வந்து பல வருடமாகிறது, இன்னும் எனக்கு ஆறவில்லை. ஒரு பேராசிரியர், ஒரு நிருபர், பின்னாலேயே வி.ஏ.ஓ. கல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், தலைக்கு மேல் பழைய வட்டெழுத்து. ஆயா அப்போதுதான் எண்ணெய் தடவி மஞ்சள் பூசிவிட்டு நிமிர்ந்தார். நிருபர் கேமராவை இறக்காமலே, "ஆயா, கொஞ்சம் அந்தாண்ட போ, உன் நிழல் விழுது" என்றார். அவரும் கிண்ணத்தோடு வேலியோரம் போய் நின்றுகொண்டார். மறுநாள் பேப்பரில் "புதருக்குள் கேட்பாரற்றுக் கிடந்த நடுகல்". படத்தில் பேராசிரியர் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார், கல்லில் ஈர மஞ்சள் பளபளக்கிறது. கேட்பாரில்லாத கல்லுக்கு மஞ்சள் பூசியது யாராம்?

மொரப்பூர் ரயிலடி:
உங்கள் கோபம் நியாயம்தான் அண்ணே, ஆனால் பேப்பரில் வந்ததால் உங்கள் கல் பிழைத்தது. எங்களுடையது பிழைக்கவில்லை. போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு, ஊரில் பாதிப் பேருக்குப் பல் பழுப்பு, அதனால் ஒகேனக்கல் தண்ணீர் வரப்போகிறது என்று எல்லோரும் குஷியாக இருந்த சமயம் அது. குழாய்க்குப் பள்ளம் எடுத்த ஜேசிபி ஒரு பலகைக் கல்லைப் புரட்டிப் போட்டது. வீரன், காலடியில் மாடுகள், எழுத்து வேறு. பஞ்சாயத்தில் சொன்னால் ரெவின்யூவில் சொல்லுங்க என்றார்கள், ரெவின்யூவில் மியூசியத்துக்கு எழுதிக் கொடுங்க என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வருவதற்குள் கல்லைக் குப்புறப் போட்டுச் சாக்கடைக்குப் பாலமாக்கிவிட்டார்கள். இன்றைக்கும் அதன்மேல்தான் பைக் ஏற்றுகிறோம்.

செங்கத்தான்:
பேப்பர்தான் காப்பாற்றும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கத்துக் கற்களை 1970களின் தொடக்கத்திலேயே தொல்லியல் துறை ஊர் ஊராகப் போய்ப் படியெடுத்துப் புத்தகமே போட்டது. நின்ற கல் நின்றது ஊர்க்காரர்கள் கும்பிட்டதால். சரி, என் கதை சின்னது. எடுத்தனூர்க் கல் தெரியும்தானே, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலம், எருமைகளைக் காத்துச் செத்த கருந்தேவகத்தி, பக்கத்தில் அவன் நாய். கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பேர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது. அந்தப் படத்தை என் மகளிடம் காட்டினேன். "அப்புறம் அந்த நாய்க்கு யார் சோறு போட்டாங்க?" என்று கேட்டாள். பதில் இல்லை என்னிடம்.

பென்னாகரம் வாத்தியார் (ஓய்வு):
நான் பார்த்த கல்லுக்கு ஊர் இளைஞர்கள் சில்வர் பெயின்ட் அடித்து, மீசைக்குக் கறுப்பும் தீட்டியிருந்தார்கள். எழுத்தெல்லாம் பெயின்டுக்கு அடியில். அதனால் சொல்கிறேன், எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். பெயின்ட், ஆசிட், கம்பி பிரஷ், மூன்றும் கூடாது. எழுத்து தெரியவேண்டுமென்று சாக்பீஸால் கோடு இழுக்காதீர்கள், நீங்கள் இழுத்ததைத்தான் பிறகு வருபவன் படிப்பான். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது போட்டோ எடுங்கள், ஓர் அடிக்கோலை ஓரமாக வையுங்கள், சுற்றுப்புறமும் தெரிய இன்னொன்று எடுங்கள். மைப்படி எடுப்பதை, அதாவது கல்லெழுத்தை மை வைத்துத் தாளில் ஒற்றியெடுப்பதை, தெரிந்தவரிடம் விடுங்கள். சர்வே நம்பரைக் குறித்துக்கொண்டு திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள், ரசீது வாங்காமல் நகராதீர்கள். வாயால் சொன்னது எந்த ஆபீசிலும் நிற்காது. கும்பிடுகிற கல்லாக இருந்தால் முதலில் பூசாரியிடம் பேசுங்கள், மியூசியத்துக்குத் தூக்கிப் போகிறார்கள் என்று ஊரில் வதந்தி கிளம்பினால் அப்புறம் யாரும் கிட்டே போக முடியாது. தருமபுரியிலேயே நடுகல் அகழ்வைப்பகம், அதாவது மியூசியம், இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

அரூர் மேற்கு:
வாத்தியாரே, எங்கள் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. நான் சொன்னது ஆயாவைப் பற்றி.

மொரப்பூர் ரயிலடி:
சார், ரசீது இருக்கிறது, லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேன். வருகிற திங்கள் திரும்ப மனு கொடுக்கப் போகிறேன். பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அந்தக் கல்லைப் புரட்ட நாலு ஆளும் ஒரு கடப்பாரையும் வேண்டும்.