'அடக்கி' வேண்டாம், 'ஒழுங்கி' ஆகலாம்: எச்.ஐ.வி. தொற்றுள்ளோரின் தடைகாப்பை எழுத ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

உடலின் நோயெதிர்ப்பு ஏற்பாடான தடைகாப்பு மிகாமலும் குன்றாமலும் ஒழுங்கில் வைக்கப்படுவதைக் குறிக்கும் 'இம்யூன் ரெகுலேஷன்' என்பதற்குத் 'தடைகாப்பு அடக்கம்' என்றும், அவ்வேலையைச் செய்யும் வெள்ளணு வகையான 'ரெகுலேட்டரி டி செல்' என்பதற்கு 'அடக்கி டி செல்' என்றும் நம் கலைச்சொற் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த சொற்களை இரண்டு நாளாக மனத்தில் உருட்டிப் பார்த்தேன். சிறிய சொற்கள்தாம், நாவில் எளிதாக நிற்கின்றன. ஆயினும் எச்.ஐ.வி. தொற்றுள்ளோரின் உடலில் நடப்பதை எழுத உட்கார்ந்தால், இரண்டாம் பத்தியிலேயே அவை காலை வாரிவிடும் என்று எனக்குப் படுகிறது. 'அடக்கம்' என்றதும் நல்லடக்கத்தை நினைக்கிற பழக்கம் நமக்கு உண்டு என்பதையும், இந்த நோயைப் பற்றிய கட்டுரையில் அந்த நினைவு வேண்டாதது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

ஆங்கிலத்தாரும் 'அடக்கி'யில்தான் தொடங்கினார்கள். 1970களில் ரிச்சர்ட் கெர்ஷன் முதலிய ஆய்வாளர்கள் இத்தகைய செல்களைச் 'சப்ரசர்', அதாவது அடக்கி, என்றே அழைத்தனர். அச்செல்களுக்கு அடையாளமெனக் கருதப்பட்ட 'ஐ-ஜே' மரபணுவை எலியின் டி.என்.ஏ.வில் தேடியபோது, இருக்கவேண்டிய இடத்தில் அது இல்லவே இல்லை என்று 1980களில் தெரியவந்தது. கருத்தோடு சேர்ந்து சொல்லும் மதிப்பிழந்தது. பின்னர் 1995இல் ஷிமோன் சகாகுச்சி சிடி25 என்னும் குறியைக் கொண்டு இச்செல்களை மீண்டும் அடையாளங்காட்டினார். ஃபாக்ஸ்பி3 என்னும் மரபணுவே இவற்றின் இயல்பைத் தீர்மானிக்கிறது என்பது 2003இல் உறுதிப்பட்டது. மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல், சகாகுச்சி ஆகிய மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தபோது அச்செல்களின் பெயர் 'ரெகுலேட்டரி' என்று நிலைத்துவிட்டிருந்தது. அவர்கள் கைவிட்ட சொல்லை நாம் இப்போது மெனக்கெட்டு மொழிபெயர்ப்பானேன்?

பெயர் வரலாற்றை விட நோயின் போக்கே என் முதன்மையான காரணம். தடைகாப்பை வழிநடத்தும் வெள்ளணுக்களான சிடி4 செல்களை எச்.ஐ.வி. அழிக்கிறது. நலமுள்ளவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும் இச்செல்கள் 200க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் நிலை என்கிறோம். எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்கும் கேள்விகளில் ஒன்று 'சிடி4 எவ்வளவு?' என்பது. ஆனால் இதனோடு இன்னொன்றும் நடக்கிறது. குடற்சுவரில் உள்ள சிடி4 செல்கள் தொற்றிய சில வாரங்களிலேயே பெருமளவு அழிவதால் நுண்ணுயிர்ப் பொருள்கள் இரத்தத்தில் கசிய, தடைகாப்பு மண்டலம் ஓயாமல் கிளர்ந்தபடியே இருக்கிறது. கிளர்ந்த சிடி4 செல்களைத்தான் வைரஸ் எளிதில் பற்றுகிறது. மருந்தால் வைரஸ் அளவிட முடியாத நிலைக்குக் குறைந்த பின்னும் இக்கிளர்ச்சி முற்றாக அடங்குவதில்லை.

இந்த இடத்தில் நாம் பெயர் தேடும் செல்கள் செய்வது இரட்டை வேலை. வைரஸ் தொற்றிய செல்களைக் கொல்லவேண்டிய சிடி8 செல்களின் வேகத்தைக் குறைக்கின்றன, அது கெடுதி. வீண் கிளர்ச்சியைத் தணிக்கின்றன, அது நன்மை. இவையும் சிடி4 வகையைச் சேர்ந்தவையே ஆதலால் வைரஸ் இவற்றையும் விட்டுவைப்பதில்லை. அதனால் எண்ணிக்கையில் இவை குறைகின்றன. மற்ற சிடி4 செல்கள் இன்னும் வேகமாகக் குறைவதால் விழுக்காட்டில் கூடிக்காட்டுகின்றன. 'அடக்கி செல்கள் கூடின' என்று எழுதினால், தொற்றுள்ளவரின் எதிர்ப்பை யாரோ அடக்குகிறார்கள் என்று வாசகர் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்.

செல்களின் எண்ணிக்கை மட்டும் போதாது, கிளர்ச்சி ஒழுங்கில் இருப்பதும் வேண்டும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே குரங்குகளின் இரத்தத்தில் எச்.ஐ.வி.யின் உறவு வைரஸான எஸ்.ஐ.வி. ஏராளமாக இருந்தும் அவற்றுக்கு எய்ட்ஸ் பொதுவாக வருவதில்லை. தொற்றியவுடன் எழும் கிளர்ச்சியை அவை சில வாரங்களில் தணித்துவிடுகின்றன. அதே வைரஸ் நம் பக்கத்து ரீசஸ் குரங்குக்குப் போனால் நோய் முற்றுகிறது. மற்றொன்று, சிடி4 எண்ணிக்கையைக் கூட்டினால் போதும் என்று நம்பி, டி செல்களைப் பெருக்கும் புரதமான இன்டர்லூகின்-2 கொடுத்துப் பார்த்த எஸ்பிரிட், சில்காட் என்னும் இரு ஆய்வுகள். 4,111 பேரும் 1,695 பேரும் பங்கேற்ற அவற்றின் முடிவுகள் 2009இல் வெளிவந்தன. எண்ணிக்கை ஏறியது, ஆனால் நோயும் இறப்பும் குறையவில்லை. ஆள் பலம் மட்டும் தடைகாப்பு ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஆகவே, கூட்டவும் குறைக்கவும் வல்லது என்னும் பொருள் தரும் சொல் வேண்டும். 'கட்டுப்பாடு' ஏற்கெனவே எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தில் வேறு வேலை பார்க்கிறது. 'ஒழுங்குமுறை' ஆணையங்களின் விதிகளை நினைவூட்டுகிறது. 'மட்டுறுத்தல்' ('மாடரேஷன்') நம் குழுவினருக்குப் பிடித்த சொல். குழுவை நடத்தும் மட்டுறுத்துநரைக் குறை சொல்லும் துணிவு எனக்கில்லை, ஆனால் அதில் குறைத்தல் மட்டுமே தொனிக்கிறது.

என் பரிந்துரை 'தடைகாப்பு ஒழுங்காற்றுகை' என்பது. காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவின் செய்திகளை ஒவ்வொரு கோடையிலும் படிப்பவர்களுக்கு இச்சொல்லை விளக்கவேண்டியதில்லை: திறப்பதும் அதன் வேலை, நிறுத்துவதும் அதன் வேலை. 'தடுப்பாற்றல் ஒழுங்காற்றுகை' என்றால் இரண்டு 'ஆற்று' மோதுவதால், பாடநூலில் உள்ள 'தடைகாப்பு' என்பதையே எடுத்துக்கொண்டேன். செல்லுக்கு 'ஒழுங்கி டி செல்' என்று வைக்கலாம். டெல்டாவில் ஆற்றின் குறுக்கே கதவுகளோடு நிற்கும் கட்டுமானத்தை 'நீரொழுங்கி' என்றுதான் சொல்கிறோம். கதவை எப்போதும் மூடியே வைத்திருக்கும் நீரொழுங்கியை எந்த உழவரும் ஏற்கமாட்டார். ஒழுங்கு தவறிய நிலையை 'ஒழுங்குக் குலைவு' எனலாம். இன்னொரு சொல்லும் உடன் வரும்: நெடுநாள் போராடிய சிடி8 செல்கள் செயலிழப்பதை 'களைப்பு' என்று எழுதுகிறார்கள். களைப்பு ஓய்வெடுத்தால் தீரும். இது பெரும்பாலும் அப்படித் தீர்வதில்லை. 'தளர்வு' பொருந்துமா என்று பாருங்கள்.

'எச்.ஐ.வி. நோயாளிகள்' என்பதையும் இத்தோடு விட்டுவிடலாம். மருந்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறவரை நோயாளி என்பது பிழை, 'தொற்றுள்ளோர்' போதும்.

நம் ஈழத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பாடநூல்களில் 'நிர்ப்பீடனம்', 'கலம்' என்று வழங்குவதால் 'நிர்ப்பீடன ஒழுங்காற்றுகை', 'ஒழுங்கி டி கலம்' என்று இணைத்துப் பார்த்தேன். 'ஒழுங்கி' என்னும் ஈறு அங்கே இயல்பாக ஒலிக்கிறதா, அல்லது 'சீராக்கி' என்பதே உங்களுக்கு அண்மையில் இருக்கிறதா? இரண்டு கரைக்கும் ஒரே சொல் வாய்த்தால் அதையே பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.