சார்லி மரியானோவை எங்கே, எப்படிக் கேட்டீர்கள்?

ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவை நேரிலோ இசைத்தட்டிலோ கேட்டவர்கள் இங்கே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நான் கோலாலம்பூர்க்காரன். எங்களுக்கு அவர் மேல் கொஞ்சம் உரிமை உண்டு. 1960களின் பிற்பகுதியில் மலேசிய வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி தர வந்தபோதுதான் நாதஸ்வரம் அவரைப் பிடித்துக்கொண்டது. அப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது.

வந்தவர் சாதாரண ஆள் இல்லை. 1923இல் பாஸ்டனில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்து, ஸ்டான் கென்டனின் பெரிய ஜாஸ் குழுவில் வாசித்து, ஜப்பானியப் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியை மணந்து அவரோடு சேர்ந்து குழு நடத்தியவர். 1963இல் ஜாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் பதிவுசெய்த 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' இசைத்தட்டில் ஆல்ட்டோ சாக்ஸபோன் விம்மி அழும் இடங்கள் உண்டே, அது இவர்தான். நான் முதலில் கேட்டது அதைத்தான். இவ்வளவு பெயர் வாங்கிய பிறகு ஒரு மனிதர் புதிதாக நாதஸ்வரத்தை எடுத்து, ஆரம்ப மாணவனாக ஊதிப் பழகியிருக்கிறார். பிறகு அதற்காகவே தென்னிந்தியாவுக்கும் போனார்.

1976இல் வந்த 'ஹெலன் 12 ட்ரீஸ்' இசைத்தட்டில் சாக்ஸபோன், புல்லாங்குழலோடு நாதஸ்வரமும் அவரே வாசிக்கிறார். பேஸ் கிட்டார் ஜாக் புரூஸ், கீபோர்டு யான் ஹாமர். நண்பன் வீட்டில் அதைப் போட்டபோது, கோயில் வாசலில் கேட்டு வளர்ந்த அந்தக் குரல் டிரம்ஸுக்கு நடுவே எழுந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நீங்களும் சொல்லுங்கள்.

*

அண்ணே, நான் கும்பகோணம் பக்கம். நாதஸ்வரம் கற்றுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொன்னதும் தேடிக் கேட்டேன்.

எங்கள் வாத்தியார் வாசிப்பை அதில் எதிர்பார்க்கக் கூடாது. ராக ஆலாபனை என்று உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். ஆனால் அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று எனக்குத் தெரிகிறது. சாக்ஸபோனில் ஒற்றை நாணல், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் சாவி உண்டு. நாதஸ்வரத்தில் சாவியே கிடையாது. விரல் வைக்க ஏழு துளை, வாயில் சீவாளி என்கிற இரட்டை நாணல், அவ்வளவுதான். பாதி ஸ்வரத்தை உதடும் மூச்சும்தான் பிறப்பிக்க வேண்டும். சீவாளியைக் கொஞ்சம் அழுத்திக் கடித்தால் சுருதி ஏறிவிடும், தளர்த்தினால் இறங்கிவிடும். சின்ன வயதிலேயே தொடங்கிய எனக்கே இன்னும் சில நாள் உதடு ஒத்துழைக்காது. நாற்பதுக்கு மேல், வேறொரு வாத்தியத்துக்குப் பழகிய உதட்டோடு தொடங்குவதை நினைத்துப் பாருங்கள்.

அவருடைய பிற்காலத்து ஆல்ட்டோவில் அந்தப் பலன் கேட்கிறது. ஸ்வரத்தில் நேராகப் போய் நிற்காமல், கீழிருந்து இழுத்து, லேசாக அசைத்து நிறுத்துகிறார். சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத் இதே பாதையில் எதிர்ப்பக்கமிருந்து வந்தவர். அப்பாவிடம் நாதஸ்வரம் கற்றுவிட்டு, மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிப் போனவர். கமகம், அதாவது ஸ்வரத்தை இழுத்து அசைப்பது, பேசுவதற்காக அந்தக் கருவியின் சாவிகளையே மாற்றி அமைத்துக்கொண்டார். இந்த இருவரையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

*

தம்பி எழுதினது முழுக்கச் சரி. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜெர்மனியில் வாழ்கிறேன். மரியானோ எழுபதுகளில் ஐரோப்பாவுக்கு வந்து, கடைசியில் கொலோனில் குடியிருந்தார். எபர்ஹார்ட் வேபரின் கலர்ஸ் குழு, யுனைடெட் ஜாஸ் அண்ட் ராக் என்செம்பிள் குழு என்று இங்கே அவர் வாசிக்காத இடமில்லை. இங்கத்தைய ஆட்களுக்கு அவர் சொந்த ஊர்க்காரர் மாதிரி.

நான் அவரைப் பார்த்தது தொண்ணூறுகளில், பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு. டி.ஏ.எஸ். மணி மிருதங்கம், ஆர்.ஏ. ரமாமணி பாட்டு. கச்சேரி என்று சொல்லேலாது, ஜாஸ் என்றும் சொல்லேலாது. ரமாமணி தாளச் சொற்களால் ஜதி சொல்ல மிருதங்கம் அதை வாங்க, சாக்ஸபோன் நடுவில் புகுந்து பாட்டுக்குப் பதில் சொல்லும். பக்கத்திலிருந்த ஜெர்மன்காரர் தாளத்தைப் பிடிக்கத் தொடையில் தட்டித் தட்டித் தவறவிட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்குக் கையால் தாளம் போட்டுக் காட்டினேன். எங்களுடைய சங்கீதத்தை இந்த நாட்டில் ஒருத்தருக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

எனக்கு அவரில் பிடித்தது அடக்கம். மற்றவர்கள் இந்திய இசையைத் தொட்டால் பின்னால் ஒரு தம்பூராவை ஓடவிட்டு, முன்னால் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். 1983இல் அந்தக் குழுவோடு பதிவான 'ஜ்யோதி' இசைத்தட்டைக் கேளுங்கள். பெரும்பாலும் ரமாமணியின் உருப்படிகள். மரியானோ தன் சொப்ரானோ சாக்ஸபோனையும் புல்லாங்குழலையும் அந்தக் குரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறார், மேலே ஏறி நிற்பதில்லை. அறுபது வயதை நெருங்கியவர், தன் பெயரில் வரும் தட்டில் அப்படி ஒதுங்கி நிற்கிறது சின்ன விஷயமில்லை.

2009 ஜூனில் கொலோனிலேயே காலமானார். வயது 85.

அண்ணா, மலேசியாவில் அவர் வானொலிக் குழுவோடு இருந்த காலத்து ஒலிப்பதிவு ஏதாவது உங்கள் பக்கத்துப் பழைய ஆட்களிடம் கிடக்கிறதா? விசாரித்துச் சொல்லுங்கோ.