கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) போட்ட செடித் தொட்டியில் மீன் மேலே வந்து திணறியது – உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த அன்னிக்கு, 2024 நவம்பர் 30. தொட்டி லைட் எரிஞ்சுக்கிட்டிருக்கும்போதே கரண்ட் போச்சு. ஃபில்டரும் நின்னுடுச்சு. ஆனா செடிக்குக் கேஸ் விடற சிலிண்டருக்குக் கரண்ட் எதுக்கு? என் ரெகுலேட்டர்ல சோலனாய்டு (கரண்ட் போனா கேஸை மூடுற வால்வு) கிடையாது, டிஃப்யூசர் பாட்டுக்குக் குமிழி விட்டுக்கிட்டே இருந்திருக்கு. மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வராம பார்த்துக்கிட்டிருந்த நேரம், தொட்டிப் பக்கம் யாரும் போகல. அப்புறம் டார்ச் அடிச்சுப் பார்த்தா ட்ராப் செக்கர் (தண்ணியில கேஸ் எவ்வளவுன்னு நிறத்துல காட்டற குப்பி) நல்ல மஞ்சள், அதாவது கேஸ் ரொம்ப ஜாஸ்தி. ரம்மி நோஸ் மீன் மொத்தக் கூட்டமும் தண்ணி மட்டத்துல வாயைத் தூக்கிக்கிட்டு நிக்குது. மூக்குல அந்தச் சிவப்பே இல்ல, வெளுத்துப் போயிருந்தது. வால்வை மூடிட்டு, அம்மாவும் நானும் மாத்தி மாத்தி மக்குல தண்ணியை மொண்டு உசரத்துல இருந்து ஊத்தினோம். மட்டம் கலங்கினாத்தான் கேஸ் வெளிய போகும், காத்து உள்ள இறங்கும். பாதிக்கு மேல பொழைச்சுது. அந்த வெளுத்த மூக்குதான் இன்னும் கண்ணை விட்டுப் போகல.

மஞ்சக்குப்பம், கடலூர்
படிக்கவே கஷ்டமா இருக்கு தம்பி. ஆனா நம்ம ஊருக்குக் கேஸே வேணாம்னுதான் சொல்வேன். எங்க வீட்ல மேற்கு ஜன்னல் வெயில் விழற பக்கம் மட்டும் அனுபியாஸ் இலை ஓரமெல்லாம் கறுப்புத் தாடிப் பாசி. திரை போட்டதும் புதுசா வர்றது நின்னுச்சு, அவ்வளவுதான் என் கதை.

லைட்தான் எல்லாத்துக்கும் முதல். லைட்டை ஏத்தினா செடி கேஸும் உரமும் கூடக் கேட்கும். கிடைக்கலன்னா செடி சோர்ந்துடும், பாசி ஏறிடும். அதனால ஆறு மணி நேரம் போதும். ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா வைங்க. பழைய இலையில ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழுந்தா பொட்டாசியம் பாருங்க, புது இலை வெளுத்து வந்தா இரும்புச்சத்து. உரம் ஊத்தினாலே பாசி வரும்னு கடையில பயமுறுத்துவாங்க, நம்பாதீங்க. பட்டினி கிடக்கிற செடி மேலதான் பாசி முதல்ல உட்காரும். இன்னொன்னு, மே மாசம் தொட்டித் தண்ணி 30 டிகிரியைத் தாண்டும். சூடான தண்ணியில ஆக்ஸிஜன் குறைச்சலாத்தான் கரையும், ராத்திரியில செடியும் அதையே எடுக்கும். ராத்திரி ஏர் பம்ப் ஓடட்டும்.

திருப்பாதிரிப்புலியூர்
அண்ணே, அடர்த்தியா தரைப்புல் விரிக்க ஆசைப்படுறவங்க கிட்ட ஜாவா ஃபெர்ன் வைன்னு சொல்றது பதிலா? கேஸ் மேல தப்பில்ல, அளக்கறதுலதான் தப்பு.

என் மாமா பையன் தொட்டியில ட்ராப் செக்கர் அழகான பச்சை, அதாவது கேஸ் அளவு சரி. மீன் மட்டும் மேல. குழப்பமா இருந்துச்சு. கழட்டிக் கேட்டா, உள்ள ஊத்தியிருந்தது வீட்டு போர் தண்ணி! டெஸ்ட் கிட் போட்டோம், கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 12. ட்ராப் செக்கர்ல கேஎச் 4 கரைசல் ஊத்தினாத்தான் பச்சைக்குக் கேஸ் 30 பிபிஎம் (பத்து லட்சத்துல 30 பங்கு)னு அர்த்தம். கேஎச் 12 தண்ணி அதே பச்சைக்கு வரணும்னா 90 பிபிஎம் வேணும். மூணு மடங்கு! நம்ம பக்கம் போர் தண்ணி பல இடத்துல கடினம்தான், அதனால முத்தியால்பேட்டை நண்பரே, உங்க செக்கருக்குள்ள என்ன தண்ணின்னு முதல்ல பாருங்க. அது நிறம் மாறவே ஒண்ணு ரெண்டு மணி நேரம் எடுக்கும், மீனைத்தான் முதல்ல பார்க்கணும்.

வில்லியனூர்
சோலனாய்டு வாங்கறவங்களுக்கு ஒரு விஷயம். என்கிட்ட இருக்கு, முள்ளு சுத்தற டைமர்ல மாட்டியிருந்தேன். கரண்ட் போனா கேஸ் நிக்கும், சரி. ஆனா டைமரும் அந்த நேரத்திலேயே நின்னுடும். மத்தியானம் நாலு மணி நேரம் கட், அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு எல்லாரும் தூங்கப் போகும்போது கேஸ் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. லைட் பேட்டரி உள்ள வேற டைமர்ல, அது சரியா அணைஞ்சிருந்தது. இருட்டுல குமிழி சத்தம் கேட்டுத்தான் தெரிஞ்சுது. உள்ள பேட்டரி இருக்கிற டிஜிட்டல் டைமரா பார்த்து வாங்குங்க, கேஸும் லைட்டும் ரெண்டுமே அதுல இருக்கட்டும்.