மறு: எல்.இ.டி.க்குத் தமிழ்ச்சொல்: ‘தடச்செறிவு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு கதிர் பொருளுக்குள் செல்லும் தடத்தில் ஓரலகு நீளத்துக்கு எவ்வளவு ஆற்றலை விட்டுச்செல்கிறது என்ற அளவுதான் ‘லீனியர் எனர்ஜி டிரான்ஸ்ஃபர்’, சுருக்கமாக எல்.இ.டி. அதற்கு நான் முன்வைத்த ‘தடச்செறிவு’ பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

> ‘நேரியல் ஆற்றல் மாற்றம்’ ஏற்கெனவே புழங்குகிறது. புதுச்சொல் எதற்கு?

புழங்குகிறதுதான். ஆனால் படிப்பவருக்கு அது எதை உணர்த்துகிறது? ‘நேரியல்’ என்றதும் நேரியல் சமன்பாடுதான் நினைவுக்கு வரும். லீனியர் என்பதற்கு இங்கே ‘ஓரலகு நீளத்துக்கு’ என்றுதான் பொருள். ‘ஆற்றல் மாற்றம்’ என்றால் மின்னாற்றல் ஒளியாற்றல் ஆவதைப் போன்ற ஒன்று. இரண்டு சொல்லும் வேறெங்கோ இழுத்துப் போகின்றன.

சுருக்கி எழுதினால் சிக்கல் இன்னும் பெரிது. தமிழ் எழுத்தில் எல்.இ.டி. என்றால் விளக்கு! ‘உயர் எல்.இ.டி. கதிர்கள் நல்ல செல்களையும் சிதைக்கும்’ என்று ஒரு சிகிச்சைக் கையேட்டில் வந்தால் நோயாளி என்ன நினைப்பார்? பயத்தோடு படிக்கிறவருக்கு நாம் தரும் சொல் தெளிவாக இருந்தே ஆக வேண்டும்.

சரி, சொல்லுக்குள் எது வர வேண்டும்? 1 கிரே (உடல் ஏற்கும் கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) எக்ஸ் கதிர் பட்டால் ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் சுமார் 1,000 ஒற்றையிழை முறிவுகளும் 40 அளவில் ஈரிழை முறிவுகளும் உண்டாகின்றன. ஒற்றையிழை முறிவை ஆரோக்கியமான செல் எளிதில் சரிசெய்துவிடும். எதிர் இழை முழுதாக இருப்பதால் அதைப் பார்த்தே விட்டுப்போனதை நிரப்பிக்கொள்ளும். கோபால்ட்-60 தரும் காமா கதிர் ஒரு மைக்ரோமீட்டர் தொலைவில் விட்டுச்செல்வது சராசரியாக 0.2 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல்தான். அதனால் அயனியாக்கங்கள், அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்தெடுக்கப்படும் நிகழ்வுகள், தள்ளித்தள்ளி நிகழ்கின்றன. ஆல்ஃபா துகளோ அதே தொலைவில் சுமார் 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கொட்டுகிறது. அந்த அளவில் ஓர் அயனியாக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறத்தாழ 2 நானோமீட்டர். டி.என்.ஏ.வின் குறுக்களவும் அதேதான்! ஒரே தடம் இரு இழைகளையும் ஒரே இடத்தில் அறுக்கிறது, பக்கத்திலுள்ள காரங்களையும் (டி.என்.ஏ.வின் ‘எழுத்துகள்’) கெடுக்கிறது. பார்த்துச் சரிசெய்ய எதிர் இழையும் மிஞ்சுவதில்லை. பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2007 பரிந்துரையில் எக்ஸ், காமா, பீட்டா கதிர்களுக்கு எடைக்காரணி (கேட்டைக் கணிக்கக் கதிரளவைப் பெருக்கும் எண்) 1 என்றும் ஆல்ஃபாவுக்கு 20 என்றும் வைத்திருப்பதற்கு அடிப்படை இதுதான்.

ஆக, எவ்வளவு ஆற்றல் என்பதைவிட, தடத்தில் எவ்வளவு நெருக்கமாக என்பதே கேள்வி. ‘தடச்செறிவு’ அதைச் சொல்லிவிடுகிறது.

> தடக்கை, தடந்தோள் போல ‘பெருஞ்செறிவு’ என்று படிக்க இடமுண்டே?

இலக்கியம் படித்தவருக்கு உண்டு. ஆனால் தடகளம், வழித்தடம் என்று நாளும் புழங்குகிற நமக்குத் தடம்தான் முதலில் வரும்.

> ‘தட ஆற்றல் அடர்த்தி’ இன்னும் துல்லியம்.

துல்லியம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலைச்சொல் தனியாக நிற்பதில்லை, அடைமொழி ஏற்க வேண்டும். ‘உயர் தட ஆற்றல் அடர்த்திக் கதிர்’ என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

> அடர்தடக் கதிர், ஐதுதடக் கதிர் என்று பிரித்துவிடலாமா?

அருமை! நீர்த்த அமிலத்தை ஐதான அமிலம் என்று படித்தவர்களுக்கு ‘ஐது’ புதிதல்ல. இவற்றைக் கதிரின் தன்மைக்கு வைத்துக்கொள்வோம், அளவுக்குத் தடச்செறிவு இருக்கட்டும். இரண்டுமே தேவைப்படும். ஏனென்றால் மைக்ரோமீட்டருக்குச் சுமார் 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டிச் செறிவு ஏறினால் பாதிப்பு கூடுவதில்லை. செல்லைக் கொல்லப் போதுமானதற்கு மேல் விழும் ஆற்றல் வீண்தான். அதே கிரே அளவுக்குக் கொல்லும் திறன் குறையவே செய்கிறது. இதை எண்ணால்தான் காட்ட முடியும்.

நிறுத்துதிறனோடு (ஸ்டாப்பிங் பவர்) குழம்புமா என்று கேட்டவருக்கு: நிறுத்துதிறன் துகள் இழப்பதைச் சொல்கிறது, இது தடத்தையொட்டிப் பொருளில் படிவதைச் சொல்கிறது. பெயர்களே பிரித்துக் காட்டுகின்றன.

எனக்கு இன்னும் தீராதது நியூட்ரான்தான். அதற்கு மின்னூட்டம் இல்லை, எனவே அயனித் தடமும் இல்லை. அது திசுவிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருவை மோதித் தள்ள, அந்தப் புரோட்டான்தான் தடம் பதிக்கிறது. அப்படியானால் ‘நியூட்ரானின் தடச்செறிவு’ என்று எழுதுவது பிழை. அந்தப் புரோட்டானுக்கு ஒரு பெயர் வேண்டும். துப்பாக்கிக்குச் சொல்லும் ‘பின்னுதைப்பு’ பொருந்தாது, இது முன்னோக்கித்தான் பாய்கிறது. ‘மோதெழு புரோட்டான்’ என்று யோசித்தேன், அவ்வளவாக நிறைவில்லை. இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.